ஒருநாள் ராசாவின் பொன்னுறை

பனையோலைப் பெட்டிக்குள் ஒரு மலாய்க்காரக் குறுவாளை வைத்து, அதற்கு மேல் முருங்கையிலையைப் பரப்பி மூடிக்கொண்டு, காலை வெயிலில் எங்கள் ஊரான சுருவிலின் ஒழுங்கையால் நடந்து போனேன். எதிரே வந்த பக்கத்து வீட்டு அக்கா நின்றார்.

"எங்கை பிள்ளை, முருங்கையிலையும் கொண்டு?"

"பூமணி வீட்டை, அக்கா."

"அவையின்ரை வளவிலை இல்லாத முருங்கையோ?"

நடையைக் கூட்டினேன். பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை எப்போதும் இருந்ததில்லை. அப்போது இருபத்துமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், சம்பளம் எடுத்தேன், உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பில் திரிந்தேன்.

பூமணியும் அதே பள்ளிக்கூடத்து ரீச்சர். ஆசிரியர் கலாசாலையிலும் ஒன்றாகத்தான் இருந்தோம். அவளுடைய அப்பா கணபதி பனை ஏறிக் கள்ளுச் சீவுகிறவர். அந்தத் தொழில் செய்யும் குடும்பங்களிலிருந்து எங்கள் ஊரில் ரீச்சராக வந்த முதல் பிள்ளை அவள். ஊரில் எங்கள் ஆட்கள் அவர்களை "நீ" என்பார்கள், அவர்கள் எங்களை "நீங்கள்" என்பார்கள். நானும் பூமணியும் மட்டும் ஒருவருக்கொருவர் சமமாக "நீர்" போட்டுப் பேசிக்கொள்வோம். அதையே நான் பெரிய புரட்சி என்று நினைத்திருந்தேன், பாருங்கள்.

அவளுக்கு அடுத்த கிழமை கலியாணம். மாப்பிள்ளைக்கு வேலணையில் தபால் கந்தோரில் வேலை. பூமணி தன் சம்பளத்தில் ஒரு சங்கிலி செய்து வைத்திருந்தாள். தாலி கட்டியபின் அந்தச் சங்கிலி வெளியே தெரிய, கோயில் வீதியால், மேளத்தோடு நடந்துபோய்த் தார் றோட்டில் நிற்கும் காரில் ஏற வேண்டும் என்பது அவள் முடிவு. நடக்க விடுவார்களா என்பதுதான் அந்தக் கிழமை முழுக்க ஊரின் கதை.

பொன் போடக் கூடாது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பூமணியின் ஆட்களில் பெண்கள் வீட்டுக்குள் போடலாம். கோயில் வீதியில் கால் வைத்தால் சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். அவர்களின் கலியாணம் மேளமில்லாமல், பனங்காணிகளுக்கு உள்ளால், பின்பக்கமாகப் போக வேண்டும். இப்படித் தடுப்பது குற்றம் என்று கொழும்பில் சட்டம் போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தீவுக்குப் பண்ணைப் பாலத்தால் பஸ்கூட வந்துவிட்டது, அந்தச் சட்டம் மட்டும் இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை.

கிரீஸ் வீட்டார்

இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்தியில், எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பொன்னுறைக் கத்தி இருந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். விட்டார்களா? என்ன கத்தி, ஆர் தந்தது, எத்தனை பவுண் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். பவுண் கணக்கு எனக்குத் தெரியாது. மற்றதைச் சொல்கிறேன்.

அப்பா மலாயாவில் பேராக் பக்கம் ஒரு காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். பென்சனோடு வந்து சுருவிலில் கல்வீடு கட்டினார். அங்கே ஒரு பெரிய தலைவருடைய காணி எல்லை வழக்கில், தொலைந்துபோன பழைய வரைபடம் ஒன்றைத் தூசிக்குள் கிடந்து தேடி எடுத்துக் கொடுத்தாராம். அந்த மனுசன் நன்றியை மறக்கவில்லை. அப்பா கப்பலேறும் கிழமை இந்தக் குறுவாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

அதற்கு மலாய்ப் பெயர் கெரிஸ். ஊர் வாய்க்குள் போய் அது கிரீஸ் ஆனது. "கிரீஸ் எண்டால் வண்டில் அச்சுக்குப் பூசுறதெல்லோ? அதையேன் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுறியள்?" என்று கேட்டவர் என் தாய்மாமா வல்லிபுரம். அதிலிருந்து நாங்கள் கிரீஸ் வீட்டார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த பட்டத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அலகு பாம்பு போகிற தடம் மாதிரி வளைந்து வளைந்து போகும். பிடி மரத்தில் செதுக்கியது: காய்ச்சலில் நடுங்கி, கையைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கும் ஒரு மனுசன். அம்மா அதைக் "காய்ச்சல்காரன்" என்பார். தூசி தட்டும்போது, "காய்ச்சல்காரனுக்கு இண்டைக்கு எப்படியாம்?" என்று அப்பாவைச் சீண்டுவார்.

பெருமை உறையில் இருந்தது. நீளமான தண்டு முழுவதும் பொன் தகடு, அதில் கொடியும் இலையும் தட்டி எழுப்பியிருந்தார்கள். மேலே, அலகு நுழையும் இடத்தில், குறுக்காக வள்ளம் போல ஒரு மரத்துண்டு. அந்தத் துண்டில் மட்டும் பொன் இல்லை, வெறும் மரம். பார்த்தவர்கள் எல்லாரும், "பொன் காணாமல் போச்சுதோ?" என்றுதான் கேட்பார்கள். அப்பா காத்திருந்ததே அந்தக் கேள்விக்குத்தான். கதிரையை முன்னால் இழுத்துப் போடுவார்.

"காணாமல் போகேல்லை. அங்கை பொன்னுக்கு அளவு இருக்கு. தண்டும் பொன், குறுக்குத் துண்டும் பொன் எண்டால் ராச குடும்பம். தண்டு மட்டும் பொன் எண்டால் பெரிய தலைவர்மார். எங்களைப் போல ஆக்களுக்கு வெறும் மரம். மீறிச் செருகினால் தொலைஞ்சான்."

உண்மையா என்று எனக்குத் தெரியாது. காரைநகரிலிருந்து வந்த இன்னொரு மலாயாப் பென்சனியர், தான் இருந்த பகுதியில் வழக்கம் வேறு என்றார். இரண்டு பேரும் சத்தம்போட்டு வாதாடியதில் தேத்தண்ணி ஆறிப்போய், அம்மா திரும்பவும் அடுப்பு மூட்டினார். ஆனால் ஒரு விசயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். அதை அப்பா அந்தத் தலைவரின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்:

"'சின்னத்தம்பி, எங்கடை ஆக்களிலை எவ்வளவு ஏழையெண்டாலும் கலியாணத்தண்டைக்கு அவன் ராசா. அண்டைக்குப் பொன் கெரிஸ் செருகலாம். உண்மையான ராசா எதிரை வந்தாலும் ஒண்டும் சொல்லார். உனக்குத்தான் கலியாணம் முடிஞ்சு போச்சு, நீ பிந்திப்போனாய்' எண்டு சொல்லிச் சிரிச்சார்."

வந்தவர்களும் சிரிப்பார்கள். நானும் நூறு தரம் சிரித்திருக்கிறேன். மாமா வந்து போன அந்தப் பின்னேரம் வரைக்கும் சிரித்தேன்.

மாமா ராசாவைவிடப் பெரிய ஆளோ?

மாமா எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு மனேச்சர். கெட்ட மனுசன் இல்லை. என் சம்பளம் பிந்திய மாதமெல்லாம் கேட்காமலே நெல்லு அனுப்பி வைத்தவர். அன்றைக்கு வந்தவர் கதிரையில் சாயாமல் முன்னுக்கு இருந்தார். நான் குசினிக்குள், அடுப்படியில், நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், கணபதியின்ரை பெட்டை மேளத்தோடை கோயில் வீதியாலை வரப்போறாளாம். உம்மடை வாசல் படலையைத் தாண்டித்தான் வரவேணும். நீர் கந்தோரிலை இருந்த ஆள், நீர் கூப்பிட்டுச் சொன்னால் கணபதி கேப்பான். பின்பக்கத்தாலை போகச் சொல்லும். ஆருக்கும் சண்டை வேண்டாம்."

அப்பா, "ம்... பாப்பம்" என்றார்.

பாப்பமா? எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மாமாவின் சைக்கிள் திரும்பியதும் முன்னுக்கு வந்தேன்.

"அப்பா, மலாயாவிலை கலியாணத்தண்டைக்கு ஏழையும் பொன் செருகலாம் எண்டு சொல்லுறனியள்தானே?"

"ஓம்."

"ராசா எதிரை வந்தாலும் ஒண்டும் சொல்லார்?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"மாமா ராசாவைவிடப் பெரிய ஆளோ?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது அவையின்ரை ஊர் வழக்கம், பிள்ளை."

"அப்ப இனிமேல் கெரிஸைக் காட்டேக்கை கதையைப் பாதியிலை நிப்பாட்டாதேங்கோ. எங்கடை வழக்கம் அதைவிடக் கேவலமெண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ."

இரண்டு நாள் அப்பா எனக்கு முகம் கொடுக்காமல் திரிந்தார். எனக்குள் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா கெரிஸை ஒரு பழைய சாரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"கொண்டுபோய்க் குடு. மாப்பிளை இடுப்பிலை செருகட்டும். உது ஆற்றை சாமான் எண்டு ஊருக்கே தெரியும். ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம்."

எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோசம். அவருடைய அளவுக்கு அது பெரிய துணிச்சல்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பெட்டியை எடுத்தேன், முருங்கையை ஒடித்தேன், வெளிக்கிட்டேன்.

"அடுத்தநாள்?"

பூமணி முற்றத்தில் பாயைப் போட்டு இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். கலியாணப் பெண் செய்கிற வேலையா அது! அவளுடைய அம்மா ஓடிவந்து கதிரையைத் துடைத்துப் போட்டு, "இருங்கோ நாச்சியார்" என்றார். எங்கள் வீட்டுப் பெண்களை அவர்கள் கூப்பிட வேண்டிய அந்த "நாச்சியார்" எனக்குக் காதில் முள்ளு. ஆனாலும் கதிரையில்தான் இருந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். முருங்கையிலைக்குள்ளிருந்து பொன் வெளியே வந்ததும் பூமணியின் அம்மா வாயில் கை வைத்தார். நான் அப்பா மாதிரியே கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தண்டு, குறுக்குத் துண்டு, தலைவர்மார், ராசா, கலியாண நாள்.

பூமணி கெரிஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல வேலைப்பாடு என்றாள்.

"அண்டைக்கு அவர் இதைச் செருகலாம், என்ன?"

"ஓம். அண்டைக்கு அவர் ராசா."

"அடுத்தநாள்?"

"அடுத்தநாள் அவசரமில்லாமல் ஆறுதலாத் திருப்பித் தந்தால் காணும்" என்றேன்.

சொல்லிய பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. பூமணி சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு, அதுதான் இன்னும் சுட்டது.

"சரோ, நீர் நல்ல மனசோடைதான் கொண்டுவந்தனீர். ஆனால் இதைச் செருகிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும்? சின்னத்தம்பியற்றை கத்தி போகுது எண்டு சொல்லும். பூமணி போறாள் எண்டு சொல்லாது. எனக்கு ஒருநாள் ராசா வேண்டாம். எல்லா நாளும் அந்த றோட்டாலை நடக்கவேணும்."

எனக்கு மூக்குடைந்து போனது. வாய் காய்ந்துவிட்டது. "கொஞ்சம் தண்ணி தாரும்" என்றேன். அதுவரை அந்த வீட்டில் நான் ஒருவாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அவர்கள் தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அவளுடைய அம்மா தயங்கி மகளைப் பார்த்தார். பூமணியே எழும்பிப்போய் மூக்குப்பேணிச் செம்பில் கொண்டுவந்து தந்தாள். குடித்தேன்.

"அப்ப நாங்கள் என்ன செய்ய?"

"உங்கடை ஆக்களிலை பொன்னுத்துரையற்றை மகளின்ரை கலியாணம் போகேக்கை உங்கடை படலையிலை நிறைகுடம் வைச்சிருந்தனியள். பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை பாத்தனான். எல்லாற்றை கலியாணத்துக்கும் வைக்கிறனியள்தானே? எனக்கும் ஒண்டு வையும். அது காணும்."

என்னை ஒருத்தரும் கேக்கேல்லை

கலியாணம் வீதியால் போகும்போது படலையில் நிறைகுடம் வைப்பது எங்கள் ஊரில் சாதாரணம். ஒரு குடம் தண்ணீர், மாவிலை, தேங்காய், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஆர் வீட்டுக் கலியாணம் என்று பெரிதாக யோசிக்காமல் வைப்பார்கள். யோசிக்கத் தேவையில்லாத ஆட்களுக்கு மட்டும்தான் வைத்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பொன் கத்தியை முருங்கையிலைக்குள் ஒளித்துக்கொண்டு போகலாம். குடத்தை எங்கே ஒளிப்பது? அது எங்கள் வீட்டுக் குடம், எங்கள் கிணற்றுத் தண்ணீர். வைக்கிற கை அம்மாவுடையது. தடுக்க வருகிறவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

கெரிஸைத் திருப்பிக் கொண்டுவந்து விசயத்தைச் சொன்னேன். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "கெரிஸ் குடுக்கிறது லேசாயிருந்துது" என்றார். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், அரிவாளை விட்டு எழும்பினார்.

"ரெண்டுபேரும் மாறி மாறிக் கத்தியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சியள். ராசாவாம், மந்திரியாம்! இந்த வீட்டிலை குடம் வைக்கிறது ஆர்? நான். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"இப்ப கேக்கிறன் அம்மா" என்றேன்.

"இப்ப கேக்கிறாவாம். போ, போய் உன்ரை வேலையைப் பார்."

அவ்வளவுதான். வைப்பேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. அந்த நாட்களில் நான் பட்ட பாடு சொல்ல ஏலாது. பள்ளிக்கூடத்தில் பூமணியின் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவளும் கேட்கவில்லை. தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கலியாணத்தன்று காலை அம்மாவைக் குசினியில் காணவில்லை. கிணற்றடிக்குப் போனால், சீலையை வரிந்து கட்டிக்கொண்டு, பெரிய பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மாவிலை ஆர் பிடுங்கிறது?"

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதுகொண்டே மாமரத்தில் ஏறினேன்.

குடத்தை வைத்து விளக்கேற்றும்போது மாமா வந்துவிட்டார். சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்ன தங்கச்சி இது?"

"கலியாணம் வருகுது அண்ணை. குடம் வைக்கிறன்."

"ஆற்றை கலியாணம் எண்டு தெரியுமோ?"

"தெரியும். பிள்ளையோடை படிப்பிக்கிற ரீச்சற்றை."

அம்மா விளக்கடியில் குனிந்தார். நெருப்புக்குச்சி இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது பற்றியது. மாமா சைக்கிளைத் திருப்பிக் கோயில் பக்கமாக உருட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு அது பெரிய வலி. பிறகு தானாகவே ஒருநாள் நெல்லோடு வந்தார்.

மேளம் கேட்டது. அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு படலைக்கு வந்து, கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அம்மா பன்னீர்ச் செம்பை அவர் கையில் திணித்தார். மனுசன் பதற்றத்தில் மாப்பிள்ளையின் கண்ணுக்குள் தெளித்துவிட்டார். மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே கும்பிட்டார். மேளக்காரரும் சிரித்துவிட்டார்கள்.

மூன்று வீடு தள்ளி ஒரு படலை பூட்டியிருந்தது. ஆனால் கிடுகுவேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் உள்ளே ஒரு குத்துவிளக்கு எரிவது தெரிந்தது. பாதித் துணிச்சல், இருந்தாலும் துணிச்சல்தான்.

கோயில் வாசல் நெருங்கியதும் பூமணியின் அம்மா பின்னாலிருந்து கையை நீட்டி, மகளின் சீலைத் தலைப்பைச் சங்கிலிக்கு மேலே இழுக்கப் போனார். வேணுமென்று செய்யவில்லை, நாற்பது வருடத்துப் பழக்கம். பூமணி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அப்படியே அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். கோயிலுக்குள்ளிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. ஒரு கல் விழவில்லை, ஒரு சத்தம் வரவில்லை. தார் றோட்டில் கார் நின்றது, ஏறிப் போனார்கள்.

திங்கட்கிழமை

அன்றைக்கு மேளம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், எங்கள் குடமும் இருந்தது. எனக்குப் பயம் அதற்கு அடுத்த நாட்களைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை காலை படலையில் காத்துக்கொண்டு நின்றேன். பூமணி வேலணையிலிருந்து பஸ்ஸில் வந்து தார் றோட்டில் இறங்கித் தனியாக நடந்து வந்தாள். கையில் திருத்திய கொப்பிக் கட்டு. சாதாரண நூல்சீலை, கழுத்தில் அந்தச் சங்கிலி, வெளியே. கோயில் வாசலில் ஐயர் பூ ஆய்ந்துகொண்டிருந்தார். ஆலமரத்தடியில் இரண்டு பேர் வலை விலையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். பூமணி அவர்களையெல்லாம் கடந்து வந்தாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் மட்டும்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கிறீர்? மணி அடிச்சிட்டுது, கெதியா நடவும்" என்றாள் பூமணி.